தொட்டி முறை

இருந்தவர்கள், அவரவர் உட்கார்ந்த இடத்தோடு:

ஷெர்லின், கவிழ்த்துப் போட்ட நீல டிரம்மின் மேல். மறுகை மகளிர் குழுமத்தின் தலைவி. அதற்கு முன் ஒரு வயரிங் கம்பெனியில் பல வருஷம் லைன் லீடர். சசிரேகா, மடக்கு மேசைக்குப் பின்னால், லேப்டாப்போடு, கணக்கு எழுதுகிறவள். கோவிந்தம்மா, இன்னும் பிரிக்காத ஒரு மூட்டையின் மேல், சுவரில் சாய்ந்தபடி, குழுவில் மூத்தவர். மெர்சி, வாசலில், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே, அடுப்பில் பால் இருந்ததால். மற்ற நான்கு பெண்கள் கொடிக்கயிறுகளுக்குக் கீழே, பாயில். நான், பகலவன், அங்கிருந்த ஒரே நாற்காலியில். வேண்டாம் என்று சொல்லியும் அதில்தான் உட்கார வைத்தார்கள்.

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதல் வேலையாக இப்படி எழுதிக்கொள்வேன். வாலாஜாபாத் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். லீவு லெட்டர்கூட இடம், நாள், பொருள் போடாமல் எழுத வராது. ஏப்ரலில் வந்தபோது எழுதியதற்கு நேர் கீழேயே இதையும் எழுதினேன். அதனால்தான் ஒரு ஆள் குறைவது கண்ணில் பட்டது. ஏப்ரல் பட்டியலில், “எல்லப்பன், தொட்டியோரப் படியில்” என்று இருந்தது. இப்போது அந்தப் படியில் ஒரு துடைப்பம் மட்டும் சாய்ந்திருந்தது.

“எல்லப்பன் அண்ணன் லீவா?” என்றேன்.

“அதை அப்புறம் சொல்றேன் சார். முதல்ல நல்ல சேதி” என்றாள் ஷெர்லின்.

“பகலவன் சாரே வந்துட்டாரு, இன்னிக்கி மூணு லோடு காஞ்சிடும் பாரு” என்று மெர்சி வாசலிலிருந்து சொன்னாள். பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் பேரை வைத்து அங்கே ஒவ்வொரு தடவையும் இந்தச் சிரிப்பு உண்டு. துணி காயவேண்டிய இடத்தில் சூரியன் பேரோடு ஒருவன் போனால் வேறு என்ன செய்வார்கள்?

மறுகை என்பது ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற ரோட்டில், ஒரு லாரி பாடி பட்டறைக்குப் பின்னால் இருக்கும் கூரை ஷெட். சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் லைனில் நிற்பவர்கள் போடுகிற நூல் கிளவுஸ் இரண்டே நாளில் எண்ணெயும் கிரீஸும் ஏறிக் கறுத்துவிடும். முன்பெல்லாம் குப்பைக்குப் போகும், அல்லது எங்காவது எரியும். இந்த எட்டுப் பெண்களும் அதை மூட்டையாக வாங்கி, ஊறவைத்து, துவைத்து, காயவைத்து, விரல் நுனி ஓட்டையைத் தைத்து, ஜோடி சேர்த்துத் திருப்பித் தருகிறார்கள். புது ஜோடி பதினைந்து ரூபாய். இவர்கள் துவைத்துத் தர நாலேகால் ரூபாய். துவைத்த தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விடக்கூடாது என்பது இவர்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஷெட்டுக்குப் பின்னால் மூன்று சிமெண்டுத் தொட்டிகள். எண்ணெயை வழித்தெடுத்து, படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கி, அடியில் தங்கும் சேற்றைச் சாக்கில் கட்டி, அனுமதி வாங்கிய லாரியில்தான் அனுப்புவார்கள். அந்தத் தொட்டி வேலைக்குத்தான் சம்பளத்துக்கு எல்லப்பனை வைத்திருந்தார்கள்.

என் வேலை, இந்த மாதிரிச் சின்னச் சின்ன நிறுவனங்களின் வரவுசெலவைப் பார்த்து, கடன் தாங்குமா தாங்காதா என்று எழுதிக்கொடுப்பது. சென்னையில் இருக்கும் ஒரு சிறு நிதியத்துக்காகச் செய்கிறேன். சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்யும் தொழில்களுக்கு மட்டும், குறைந்த வட்டியில், அடமானம் இல்லாமல் கடன் தரும் நிதியம். மறுகை கேட்டிருந்தது இரண்டு லட்சம். செகண்ட்ஹேண்டில் ஒரு உலர்த்தும் மெஷினுக்கும் ஒரு பிழியும் மெஷினுக்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கொடியில் எதுவும் காயாது. போன வருஷ மழையில் லோடு தாமதமானதற்கு இவர்களுக்குக் கிட்டத்தட்ட எல்லா மூட்டையும் தரும் பெரிய கம்பெனி ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தது. இந்த மழைக்கும் தாமதமானால் ஆர்டர் ஓசூர்ப் பக்கம் ஒரு பெரிய லாண்டரிக்குப் போய்விடும். அந்த ஆர்டர் போனால் ஷெட்டும் போகும். எட்டுப் பேருக்கும் இது தெரியும்.

நிதியத்தின் விதி, தொடர்ந்து மூன்று மாதமாவது உபரி காட்ட வேண்டும். ஏப்ரலில் இவர்கள் கணக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் பள்ளத்தில் இருந்தது.

“சொல்லு சசி” என்றாள் ஷெர்லின்.

சசிரேகா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “மே ப்ளஸ். ஜூன் ப்ளஸ். ஜூலை ப்ளஸ். மூணு மாசமும் ஆறாயிரத்துக்குக் கொறையல சார்.”

“கை தட்டுங்கடி” என்றாள் மெர்சி. தட்டினார்கள். நானும் தட்டினேன். அதை இப்போது நினைத்தால் உள்ளங்கை கூசுகிறது.

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். வரவு அதே ஒரு லட்சத்துச் சொச்சம். கூலி, வாடகை, கரெண்ட், சோப்பு, ஆட்டோ எல்லாம் அதே. தொட்டிச் செலவு என்ற வரியில் மட்டும் பதினாறாயிரம் இருந்த இடத்தில் ஐயாயிரம் இருந்தது.

“லாரி நிக்கலையே?” என்று கேட்டேன். எனக்கு வந்த முதல் சந்தேகம் அதுதான். தண்ணீரை நேராக வெளியே விடுகிறார்களோ என்று.

“ஐயோ, அந்தப் பாவம் வேணாம் சார். லாரி பில்லு மாசாமாசம் ஃபைல்ல கீது பாருங்க” என்றாள் சசிரேகா. பார்த்தேன், இருந்தது. எழுந்து போய் மூன்றாவது தொட்டியையும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நிம்மதியாக வந்து உட்கார்ந்தேன். என் நிம்மதியின் அளவு அவ்வளவுதான்.

டீ வந்தது. மெர்சி ஊற்ற, கோவிந்தம்மா கொண்டுவந்தார். டம்ளரை முந்தானையால் பிடித்திருந்தார். சூடு என்று நினைத்து நான் கை நீட்டி வாங்கியபோது முந்தானை நழுவியது. அவருடைய விரல்கள், கணுவுக்குக் கணு, சாதம் வடித்த கஞ்சியில் ஊறியது போல் வெளுத்து உரிந்திருந்தன. உரிந்த இடத்தில் சிவப்பாகக் கோடு கோடாக வெடிப்பு.

“கை என்னம்மா?”

“ஒண்ணுமில்ல தம்பி. தேங்கா எண்ண தடவிகினு கீறேன். ஆறிப்பூடும்.”

“தேங்கா எண்ண விக்கிற வெலைக்கு அதையும் கணக்குல ஏத்தணும்” என்றாள் மெர்சி. யாரும் சிரிக்கவில்லை.

“சுண்ணாம்புல வெந்தது சார்” என்றாள் சசிரேகா. ஷெர்லின் அவளைப் பார்த்த பார்வையில் அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

ஷெர்லினே சொன்னாள். “எல்லப்பன் அண்ணனை ஏப்ரல் கடைசியோட நிறுத்திட்டோம். தொட்டிய நாங்களே முறை போட்டுக்கிட்டோம். ஏரித் தண்ணிக்கு முறை வைப்பாங்கல்ல, அந்த மாதிரி. மாசத்துக்கு ஆளுக்கு மூணு நாள். ஷிஃப்டுக்கு முன்னாடி வந்து தள்ளி, வழிச்சு, கலக்கிட்டுத்தான் மத்த வேலை.”

“கூலி?”

“அதுக்கு ஏது கூலி? கூலி போட்டா அந்த வரி மறுபடி ஏறிடும்ல.”

“கைக்கு ரப்பர் கிளவுஸ்கூட இல்லாமலா?”

“எல்லப்பனோடது கீது. எங்களுக்குத் தொளதொளன்னு, உள்ள தண்ணி பூந்துக்குது” என்றார் கோவிந்தம்மா. “புச்சு ஜோடி முன்னூத்தம்பது ரூவா தம்பி. ஆளுக்கொண்ணு வாங்கினா அதுவும் அந்த வரிலதான ஏறும்? மூணு மாசம்தான, பல்லக் கடிச்சுக்கலாம்னு உட்டுட்டோம்.”

மாதம் முழுக்க எண்ணெய்க் கிளவுஸ் துவைக்கிற ஷெட்டில், கையில் போட ஒரு ஜோடி இல்லை.

“யார் உங்களை இப்படிச் செய்யச் சொன்னது?” என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“நீங்கதான் சார்” என்றாள் ஷெர்லின், குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல, நன்றி சொல்கிற குரலில். “காசு கைமாறாத வேலை கணக்குல வராதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

சொன்னேன். ஏப்ரலில், இதே நாற்காலியில் உட்கார்ந்து. அன்றைக்குப் பேனாவால் தொட்டி வரியைத் தட்டி, “இந்த ஒரு வரிதாம்மா உங்களைக் கவுக்குது” என்று முதலில் சொன்னேன். எல்லப்பன் அப்போது அந்தப் படியில் பீடியை அணைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெர்சி ஒரு கேள்வி கேட்டாள். “ஞாயித்துக்கெழமை நாங்க சும்மா வந்து ஓட்ட தைக்கிறமே, அத எங்க எழுதறது?”

அதை எழுத ஒரு இடம் இருக்கிறது. எங்கள் படிவத்தில், கூலி வரிக்கு அடுத்தே, “ஊதியமில்லா உழைப்பு” என்று ஒரு பெட்டி. ஒருவர் சம்பளம் வாங்காமல் செய்யும் வேலைக்கு, வெளியாளை வைத்தால் என்ன தரவேண்டுமோ அந்தத் தொகையை அதில் போட்டுச் செலவோடு கூட்ட வேண்டும். பெண்கள் குழுக்களின் கணக்கைப் பார்க்கிறவன் முதலில் கேட்கவேண்டிய கேள்வியே அதுதான். இந்தப் பெட்டியைப் பற்றி இரண்டு பயிற்சி வகுப்புகளில் நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அதை நிரப்பினால் ஐயாயிரம் பள்ளம் எட்டாயிரம் ஆகும். எனக்கு இவர்களைப் பிடித்திருந்தது. இவர்களுக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில், “காசு கைமாறாத வேலை கணக்கில் வராதும்மா” என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டு போனேன்.

அவர்கள் நான் சொன்னதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள். கவுக்கிற வரி எது என்று காட்டினேன். வரியில் வராத வேலை எது என்றும் காட்டினேன். முதலாவதை எடுத்து இரண்டாவதில் வைத்துவிட்டார்கள்.

அன்று டீயைக் குடித்து முடித்தேன். “ரிப்போர்ட் எழுதி அனுப்புறேன்” என்று மட்டும் சொன்னேன். எட்டுப் பேரும் ரோடு வரை வந்து வழியனுப்பினார்கள்.

ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பும் வழியில் நிதியத்தின் தலைவர் இராமச்சந்திரனுக்குப் போன் செய்தேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. என்னைவிட அதிகமாக ஷெட்டுகளைப் பார்த்தவர். விவரத்தைச் சொன்னேன்.

“சரி, தண்ணி சுத்தமா போகுது. லாரி போகுது. உபரி இருக்கு. அப்புறம் என்னப்பா?”

“எல்லப்பன் சம்பளம் பதினோராயிரம் சார். அதை அந்தப் பெட்டியில போட்டா மறுபடி ஐயாயிரம் நஷ்டம்.”

“அந்தப் பெட்டிய யாருப்பா ரொப்பறாங்க? போன வருஷம் வந்த ஃபைலையெல்லாம் எடுத்துப் பாரு. எல்லாம் காலி.”

“அதுல பாதி நான் எழுதினது சார்.”

எனக்குப் பின்னால் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

“பாரு பகலவன். நீ ரொப்பினா கடன் கமிட்டி பாக்கும். ரொப்பலைன்னா பாக்காது. உன் கையெழுத்து, உன் முடிவு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா அந்தப் பொம்பளைங்களுக்கு இதை விட்டா வேற வழியில்லைன்னு ஏப்ரல்ல நீயேதான் எழுதியிருக்க. அதையும் ஒரு தரம் படிச்சுக்கோ.”

படித்தேன். அழகாகத்தான் எழுதியிருந்தேன்.

மறுநாள் எல்லப்பனைத் தேடிப் போனேன். தண்டலம் பக்கம் ஒரு தனியார் ஹாஸ்டல் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தார். நீலச் சட்டை தோளில் பெரியதாகத் தொங்கியது. என்னைப் பார்த்ததும் விசிட்டர் நோட்டை எடுத்து நீட்டினார்.

“பேர் போடு சார். நேரம் போடு. யாரப் பாக்கணும்னு போடு.”

“உங்களைத்தான்ணே.”

“அப்படிப் போடு! இந்த கேட்டுல நின்னுகினு எனக்கே விசிட்டர் வராங்கன்னா பாத்துக்கயேன்.” நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு அவர் நின்றார். நானும் உட்காரவில்லை. அந்த நாற்காலியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றே பேசினோம்.

இங்கே பன்னிரண்டு மணி நேர டூட்டி, அங்கே வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. பெண்கள் மேல் கோபமா என்று கேட்டேன்.

“அவங்க மேல இன்னா கோவம்? பிரியாணி வாங்கிக் குடுத்து, அழுதுகினேதான் அனுப்புனாங்க. அழுவுற பொம்பளைங்கள்ட்ட எங்க போய் சண்ட போடறது?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. நான் நஷ்டம்னு உன் கணக்குல எழுதிகினியாமே?”

“உங்களை இல்லண்ணே. அந்த வரியைத்தான் சொன்னேன்.”

“அந்த வரில நான்தான சார் இருந்தேன்?”

ஹாஸ்டல் பிள்ளைகள் இரண்டு பேர் வண்டியில் வந்தார்கள். அவர் போய்க் கேட்டைத் திறந்துவிட்டு, சல்யூட் மாதிரி ஒன்று வைத்துவிட்டு வந்தார். ஷெட்டுக்கு மறுபடி கூப்பிட்டால் போவீர்களா என்று கேட்டதற்கு, “கூப்பிட்டா பாக்கலாம். சும்மா கூப்பிட்டா வரமாட்டேன். சம்பளத்தோட கூப்பிடணும்” என்றார்.

அன்று சாயங்காலம் என் அறையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். எங்கள் நிதியத்தில் ஒரு வழக்கம் உண்டு. கணக்குத் தாள்கள் எல்லாம் மெயிலில் போகும். கணக்கைப் பார்த்தவனின் கருத்து மட்டும் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, தபாலில் கமிட்டியின் பொருளாளருக்கே நேராகப் போகவேண்டும். நடுவில் யாரும் திருத்தக்கூடாது என்பதற்காக.

பெட்டியை நிரப்பினேன். தொட்டி வேலைக்குப் பதினோராயிரம், ஞாயிற்றுக்கிழமைத் தையலுக்கு மூவாயிரம். உபரி போய் எட்டாயிரம் பள்ளம் வந்தது. அதன் கீழே, இதை எப்படி மேடேற்றலாம் என்றும் எழுதினேன். ஜோடிக்கு ஐம்பது பைசா ஏற்றினால் எல்லப்பனையும் திரும்ப வைக்கலாம், தையலுக்கும் கூலி தரலாம், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். அப்போதும் புது கிளவுஸ் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. கம்பெனி விலை ஏற்றச் சம்மதித்தால் மூன்று மாத விதியைத் தளர்த்திக் கடன் தரலாம் என்பது என் பரிந்துரை. சம்மதிக்காவிட்டால் கடன் தர விதியில் இடமில்லை. அதையும் எழுதினேன்.

எழுதி முடித்ததும் பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், முழங்கை வரை வரும் ரப்பர் கிளவுஸ், சின்ன சைஸ், எட்டு ஜோடி வாங்கினேன். கடைக்காரர் பில் போடும்போது எனக்கே அசிங்கமாக இருந்தது. இருந்தும் வாங்கினேன்.

மறுநாள் மத்தியானம் ஷெட்டுக்குப் போனபோது ஷெர்லின் மட்டும் பின்னால் கொடி கட்டிக்கொண்டிருந்தாள். வல்லக்கோட்டையில் அன்று கிருத்திகை, மற்றவர்களுக்கு லீவு. ரோடு முழுக்கக் காவடிக் கூட்டம், மைக் செட்டுச் சத்தம். பையை நீட்டினேன். உள்ளே பார்த்தாள்.

“இதை எந்த வரில சார் எழுதறது?”

“எழுத வேணாம். நான் வாங்கிக் கொடுத்தது.”

“அப்போ நன்கொடைன்னு எழுதணும். வரவுல” என்றாள். “இப்பல்லாம் எங்களுக்குக் கணக்குத் தெரியும்.”

கடிதத்தைக் கொடுத்தேன். உறையில் வைத்து ஒட்டுவதற்கு முன் அவள் படிக்கவேண்டும் என்றுதான் எடுத்துப்போனேன். அப்படிக் காட்டுவது எங்கள் விதிக்கு விரோதம். டிரம்மின் மேல் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் அவள் முகம் மாறியது.

“நீங்க சொன்னா மாதிரிதான செஞ்சோம்?”

“நான் சொன்னதுதான் தப்பு.”

“தப்புப் பண்ணது நீங்க. லோன் போறது எங்களுக்கா?”

கடிதத்தை மடியில் கவிழ்த்துப் போட்டாள்.

“இது எங்க ஒழைப்பு சார். நாங்க இஷ்டப்பட்டுப் போட்டோம். அதுக்கு வெல போட நீங்க யாரு? எங்க வூட்டுல காலைல நாலு மணிலேர்ந்து சமைக்கிறேன், தொவைக்கிறேன், மாமியாருக்கு மாத்திரை குடுக்கிறேன். அதுக்கும் ஒரு பொட்டி வச்சிருக்கீங்களா? வச்சிருந்தா அதையும் ரொப்புங்க, எவ்ளோ நஷ்டம்னு பாக்கலாம்.”

“ஷெர்லின், கோவிந்தம்மா கை…”

“அவங்க கைய நீங்க அன்னிக்கித்தான் பாத்தீங்க. நான் தெனம் பாக்கறேன்.” தலையைத் திருப்பிக்கொண்டாள். ரோட்டில் ஒரு மேளக் கூட்டம் கடந்து போனது.

பிறகு அவளே கேட்டாள். “அம்பது பைசா ஏத்துவாங்களா?”

“தெரியாது. கம்பெனியில பேச நானும் கூட வர்றேன்.”

“ஏத்தலைன்னா?”

“லோன் வராது.”

“இதை எழுதாம விட்டீங்கன்னா?”

“வந்துடும். நாலு வருஷம் தவணை. அந்த நாலு வருஷமும் முறை ஓடணும். ஒரு மாசம் யாரோ ஒருத்தர் முடியலைன்னு படுத்துட்டாலும் தவணை நிக்கும்.”

அவள் யோசித்தாள். என்னைவிட நன்றாகவே யோசித்திருப்பாள். ஒவ்வொருத்தி வீட்டில் யார் படுப்பார்கள், எப்போது படுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். ஒரு இடத்தில் விரல் வைத்தாள்.

“இங்க இன்னா எழுதிகீறீங்க? ‘உறுப்பினர்கள் விளைவு தெரியாமல் இவ்வாறு செய்துவிட்டனர்.’ இதை அடிங்க.”

“உங்க மேல பழி வரக்கூடாதுன்னுதான்…”

“தெரியாம செய்யல சார். கூலி போவும்னு தெரியும். கை வேவும்னு மொத வாரத்துலயே தெரிஞ்சிடுச்சு. எல்லப்பன் அண்ணனுக்கு வேற வேலை சுளுவா கெடைக்காதுன்னும் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சோம். தெரியாதவங்கன்னு எழுதி லோன் வாங்கித் தராதீங்க. அது வேணாம்.”

“சரி.”

“தெரிஞ்சு செஞ்சோம், செய்யக்கூடாதுதான், அப்படின்னு எழுதுங்க. நீங்க சொன்னதையும் எழுதுங்க. அதுல மட்டும் மழுப்பி வச்சிருக்கீங்க.”

உண்மைதான். “வழிகாட்டலில் ஏற்பட்ட குறை” என்று எழுதியிருந்தேன். யாருடைய வழிகாட்டல் என்று போடவில்லை. கூச்சப்பட்டு எழுதிய வரி அது. பை மேல் தாளை வைத்து, அவள் முன்னாலேயே அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதினேன். இடம், நாள், பொருள் போட்ட அதே ஒழுங்கில், ஏப்ரல் மாதம் நான் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் பேச்சு மாறாமல் எழுதி, “இவற்றைச் சொன்னது நான். ஊதியமில்லா உழைப்புக்கான பெட்டியைத் தெரிந்தே காலியாக விட்டதும் நான். எல்லப்பன் என்பவர் வேலை இழந்தது இதன் தொடர்ச்சி” என்று முடித்தேன். அதன் கீழே அவர்களுடைய வாக்கியம், அவள் சொன்ன சொல்லிலேயே.

“போஸ்ட் ஆபீஸ் மூடிடுவான், ஏறுங்க” என்றாள். லோடு கொடுக்க அந்தப் பக்கம்தான் போகிறாளாம். ஸ்கூட்டியின் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் நான். ஒரு கண்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போனபோது அதன் டிரைவரை நன்றாக ஒன்று திட்டினாள். என்னைத் திட்டவேண்டியதில் கொஞ்சம் அதில் போயிருக்கும்.

தபால் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, “நான் உள்ள வரல சார்” என்றாள். இறங்கிய பிறகும் வண்டியை அணைக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். “கம்பெனிக்குப் பேசப் போறப்ப நல்ல சட்டையா போட்டுகினு வாங்க. இதுல வந்தா அஞ்சு பைசாகூட ஏத்தமாட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே மேசையில் பசைக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் மணியார்டர் எழுதிக்கொண்டிருந்த ஒரிசாப் பையனிடம் தண்ணீர் பாட்டில் வாங்கி, இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தேன். தாள்களை மடித்து உறையில் வைத்து, ஓரத்தில் பசை தடவி ஒட்டினேன். ஒரு மூலை தூக்கிக்கொண்டது. உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே வரிசையில் நின்றேன்.

“உள்ள இன்னா சார்?” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

“லெட்டர்தான்.”

“ஸ்பீட் போஸ்டா?”

“ஆமாம்.”

எடை பார்த்தார், ஸ்டிக்கர் ஒட்டினார், ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். உறையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் இருந்த தபால் சாக்கில் போட்டுவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.